மாமா சொன்னது பொய்யா?

எங்கள் மாமாவை ஃப்ராடு என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. “அவரும் ஏமாந்தவர்தானே, அவர் என்ன பொய்யா சொன்னார்” என்று பரிந்து பேசுகிறவர்களோடும் உடன்பாடு இல்லை. ஈமு கோழி வளர்த்தால் மாதாமாதம் பணம் என்று சொல்லி ஊர் ஊராகப் பணம் வாங்கிய கம்பெனி ஒன்றில் எங்கள் சொந்தத்தைச் சேர்த்துவிட்டவர் மாமா. அந்த விவகாரம் வெடித்தது 2012 ஆகஸ்டில். இத்தனை வருஷம் ஆகியும் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், நாலு பேர் கூடினால் எப்படியோ பேச்சு அங்கே போய் நிற்கிறது. போன வைகாசியில் ஒரு கல்யாணப் பந்தியில், எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அம்மா வழிச் சொந்தக்காரர் ஒருவர், மாமா மண்டபத்துக்குள் வருவதைப் பார்த்துவிட்டு, “வந்துட்டான் பாருங்க ஃப்ராடு” என்றார். எதிர்வரிசை அத்தை உடனே, “ஏனுங், அவரு காசும்தான போச்சு? அவரு வேணும்னேவா பண்ணுனாரு?” என்றார். ரசம் வருவதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். என்னால் போக முடியவில்லை. இரண்டு பேர் சொன்னதிலும் ஏதோ ஒன்று விட்டுப்போகிறது. அது என்ன என்று எழுதிப் பார்க்கிறேன்.

நம்மூரில் ஃப்ராடு என்ற சொல்லுக்கு வரம்பே கிடையாது. வாங்கிய கடனைத் தராதவன் ஃப்ராடு. திருப்பூரில் இருந்துகொண்டு போனில் “கோயமுத்தூர்ல இருக்கேனுங்க” என்கிறவன் ஃப்ராடு. சீட்டுப் பணத்தோடு ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டு ஓடியவனும் ஃப்ராடு. பரீட்சை அன்றைக்கு வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் பேரனையும் “செரியான ஃப்ராடு” என்று கொஞ்சுகிறோம். சட்டத்தில் அப்படி இல்லை. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவு ஃப்ராடு எது எது என்று வரிசைப்படுத்துகிறது. உண்மை இல்லை என்று நினைக்கிற ஒன்றை உண்மை என்று சொல்வது, தனக்குத் தெரிந்ததை முனைந்து மறைப்பது, நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் வாக்குக் கொடுப்பது என்று போகும். சொல்கிறவன் மனதில் என்ன இருந்தது என்பதுதான் அங்கே கேள்வி. அடுத்த பிரிவான 18இல் வேறொன்று இருக்கிறது, மிஸ்ரெப்ரசன்டேஷன் என்று. ஒருவன் தான் சொல்வதை உண்மை என்றே நம்புகிறான். ஆனால் அப்படி அடித்துச் சொல்லும் அளவுக்கு அவனிடம் தகவல் இல்லை. இருந்தும் அடித்துச் சொல்கிறான், அது உண்மையும் இல்லை. இதுவும் கேட்டவனுக்குக் கெடுதிதான், ஆனால் ஃப்ராடு ஆகாது. ஈமு கம்பெனி மூடப்பட்ட சமயத்தில் நான் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு பிரிவுகளையும் பரீட்சைக்காகப் பாடம் செய்திருந்தேன். அவை எங்கள் வீட்டுத் திண்ணைக்கே வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

நம்பியதற்குக் காரணம் இருந்தது

ஈமு கதையை நம் பக்கத்து ஆட்களுக்கு மறுபடி சொல்லத் தேவையில்லை. ஆனால் வெளியூர் நண்பர்கள், “அது எப்படிங்க ஊரே போய் விழுந்தது” என்று கேட்கும்போது அதில் இருக்கும் இளக்காரம் எனக்குப் பிடிப்பதில்லை. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கம்பெனி குஞ்சு தரும், தீவனம் தரும், மருந்து தரும். செட்டும் தண்ணீரும் உழைப்பும் நம்முடையது. 40 நாள் சுமாருக்கு வளர்த்து லாரியில் ஏற்றிவிட்டால் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வரும். மானாவாரிக் காட்டை நம்பிப் பிழைக்க முடியாத எத்தனையோ குடும்பங்கள் அந்தக் கூலியில் பிள்ளைகளைப் படிக்க வைத்தன. ஒப்பந்தம் போட்டுக் கம்பெனிக்குக் கோழி வளர்ப்பது என்பது எங்களுக்குக் கண்ணால் பார்த்த உண்மை. அந்த உண்மையின் சாயலில்தான் ஈமு வந்தது. கையில் காசும் இருந்தது. 2010 கடைசியில் ஈரோட்டில் மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிப் போனது. எங்கள் குடும்பத்திலிருந்து ஈமுவுக்குப் போன பணத்தில் பெரும்பகுதி மஞ்சள் விற்ற பணம். சினிமா நடிகர்கள் டிவி விளம்பரத்தில் வந்து கூப்பிட்டது வேறு.

மாமாவின் தோட்டம் சென்னிமலைக்குத் தெற்கே இருக்கிறது. முதலில் கட்டியது அவர்தான். ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு. வளர்ப்புக்கு மாதம் 6,000 ரூபாய். வருஷத்துக்கு 20,000 போனஸ். இரண்டு வருஷம் கழித்துக் கட்டிய பணம் அப்படியே திரும்ப வரும். அவர் இரண்டு பங்கு கட்டிப் பன்னிரண்டு குஞ்சு வாங்கினார். தோட்டத்தில் ஆளுயரக் கம்பிவேலி போட்டு விட்டிருந்தார். உடம்பு முழுக்கக் கோடு போட்ட குஞ்சுகள், சில மாதத்தில் நம் நெஞ்சுயரத்துக்கு வந்துவிட்டன. பெட்டை நெஞ்சுக்குள்ளிருந்து எழுப்பும் சத்தம், தூரத்தில் யாரோ உறுமி அடிப்பதுபோல் ராத்திரியில் கேட்கும். மாதம் பிறந்தால் 12,000 ரூபாய் பேங்கில் விழுந்தது, ஒரு நாள் பிசகாமல். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படி வந்த பிறகுதான் அவர் ஏஜென்ட் ஆனார். ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன். சேர்த்தது பூராவும் சொந்தக்காரர்கள், எங்கள் அம்மா உட்பட.

அவர் அப்போது எல்லோரிடமும் சொன்னது மூன்றே வாக்கியம்தான், எனக்கு மனப்பாடம். “மாசம் பொறந்தா பணம் வந்துருது.” “ஈமு கறிக்கும் எண்ணெய்க்கும் வெளிநாட்டுல அத்தன கிராக்கி.” “ஒரு பயமும் இல்ல, நானே கட்டியிருக்கறன்.” முதலாவது சுத்தமான உண்மை. பாஸ்புக்கை எடுத்துக் காட்டியே சொன்னார். மூன்றாவதும் அவர் வரைக்கும் உண்மை. கட்டித்தான் இருந்தார், பயமும் இல்லாமல்தான் இருந்தார். இடையில் இருக்கிறதே அந்த இரண்டாவது, அதுதான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர். கறி விற்றால்தானே மாதப் பணம் வரும்? அதை அவர் பார்க்கவில்லை. மீட்டிங்கில் சொன்னார்கள், நோட்டீசில் போட்டிருந்தது, அவ்வளவுதான். அவர் தோட்டத்திலிருந்து ஒரு பறவையைக்கூட யாரும் கறிக்கு ஏற்றிக்கொண்டு போகவில்லை. ஈரோட்டில், கோயமுத்தூரில், எந்தக் கறிக்கடையில் அது தொங்கியது? புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் குஞ்சு கொடுப்பதுதான் மொத்த வியாபாரமும் என்பது அவர் கண் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது.

ஒரு கணக்குப் போட்டிருந்தால் போதும். மாதம் ஆறாயிரம் வீதம் வருஷத்துக்கு 72,000. போனஸோடு 92,000. இரண்டு வருஷத்துக்கு 1,84,000. ஆறு பறவைக்குப் பங்கு போட்டால் தலைக்கு 30,000 ரூபாய்க்கு மேல். வளர்ந்த ஈமு 40, 45 கிலோ தேறும். பாதிக்குப் பாதி கறி என்று வைத்தாலும், கிலோ 1,300 ரூபாய்க்கு மேல் விற்றால்தான் நமக்குத் தரும் பணத்துக்கே கட்டும். கம்பெனியின் ஆள் சம்பளமும் விளம்பரச் செலவும் அதற்கு மேல். எண்ணெய், தோல் என்று எவ்வளவு சேர்த்தாலும் அந்தத் தூரம் எட்டாது. அந்தச் சமயம் நம் பக்கம் ஆட்டுக்கறி அதில் பாதி விலைகூட இல்லை. மாமா கணக்குத் தெரியாதவர் இல்லை. மஞ்சள் மண்டியில் தரகு, ஏற்றுக்கூலி, சாக்கு எடை எல்லாவற்றையும் வாய்க்கணக்காகக் கழித்துக் கையில் வருவது இவ்வளவு என்று சொல்கிற ஆள். அந்தக் கணக்கை இங்கே போடவில்லை. மாதாமாதம் பணம் வந்துகொண்டிருந்ததால் போடத் தோன்றவில்லை.

“தன்நெஞ் சறிவது பொய்யற்க” என்கிறது குறள். நெஞ்சுக்குத் தெரிந்ததை மாற்றிச் சொல்வதுதான் அங்கே பொய். அந்த அளவுகோலில் மாமா பொய்யர் இல்லை, அவர் நெஞ்சுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அத்தை கல்யாணப் பந்தியில் சொன்னதும் இதைத்தான். ஆனால் தெரிந்துகொள்ள வழியிருந்தும் தெரிந்துகொள்ளாத நெஞ்சை என்ன சொல்வது? 18ஆவது பிரிவு அங்கேதான் வந்து நிற்கிறது. நீ நம்பினாய், சரி; நம்பியதை அடித்துச் சொல்ல உன்னிடம் என்ன இருந்தது என்று கேட்கிறது. எனக்கு இந்தக் கேள்வியின் நிதானம் பிடித்திருக்கிறது. அது ஆளைத் திருடன் என்று சொல்லவில்லை. அதற்காக அவரைச் சும்மா அனுப்பவும் இல்லை.

பாஸ்புக்

ஆகஸ்டில் கம்பெனி மூடியது. அரசாங்கமே கால்நடைத்துறை மூலமாகப் பட்டினி கிடந்த பறவைகளுக்குத் தீவனம் போட வேண்டி வந்தது. பணம் கட்டியவர்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்க வரிசையில் நின்றார்கள். எங்கள் குடும்பத்துப் புகார்களை எழுதும் வேலை எனக்கு வந்தது. அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டுத் திண்ணையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, எல்லோருடைய ஒப்பந்தப் பத்திரம், ரசீது, பாஸ்புக் எல்லாவற்றையும் பரப்பித் தேதிவாரியாக அடுக்கினேன். யார் எந்தத் தேதியில் கட்டினார்கள், கடைசியாகப் பணம் வந்தது எப்போது என்று ஒவ்வொருவருக்கும் எழுத வேண்டும்.

மாமாவின் பாஸ்புக்கில் மாதத்துக்கு ஒரு வரி, 12,000, 12,000 என்று மங்கலான பிரின்டரில் அடித்து நேராக இறங்கிக்கொண்டே வந்தது. 2012 ஏப்ரல் வரைக்கும். மே மாதத்தில் அந்த வரி இல்லை. ஜூன் பாதியில் 6,000 மட்டும். அதோடு முடிந்தது. நான் அடுத்த தாளை எடுத்தேன். பெரியம்மாவின் ரசீது. தேதி, ஜூன் கடைசி வாரம்.

பெரியம்மா அம்மாவுக்கு மூத்தவர். பெரியப்பா தவறியபின் இரண்டு ஏக்கரை வைத்துக்கொண்டு தனியாகப் பண்ணயம் பார்த்தவர். மாமா கல்யாணத்தில், மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்யும் இணைச்சீரைச் செய்தது அவர்தான். மற்ற எல்லோரும் கட்டிய பிறகும், “எனக்கு வேண்டாந்தம்பி, இருக்கறது போதும்” என்று ஒதுங்கியே இருந்தவர், எல்லோருக்கும் கடைசியாகக் கட்டினார். அவருக்கு ஒரு மாதப் பணம்கூட வரவில்லை.

மாமா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். நான் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

“மாமா, மே மாசம் உங்களுக்குப் பணம் வரலீங்களா?”

“வரல அம்மிணி. ஆபீஸ்ல போயிக் கேட்டேன். கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு, சேத்திப் போட்டர்றோம்னாங்க. ஜூன்ல பாதி போட்டாங்கல்ல.”

“இதைப் பெரியம்மாகிட்டச் சொன்னீங்களா?”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பாஸ்புக்கை வாங்கி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லியிருந்தா அக்கா கட்டியிருக்காதே, அம்மிணி.”

என்னைப் பொறுத்தவரை இந்த விவகாரத்தின் எல்லா உண்மையும் இந்த ஒரு பதிலில் இருக்கிறது. அவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மா கட்டும்போது, “மாசம் பொறந்தா பணம் வந்துருது” என்ற அந்தப் பழைய வாக்கியத்தை அவர் மறுபடி சொன்னாரா என்றால் அதுவும் இல்லை. பெரியம்மாவே சொன்னார், “அவன் அன்னைக்கு அதிகமாப் பேசவே இல்ல” என்று. பேசாமல் கூடவே போய்ப் படிவத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். கம்பெனி மேல் அவருக்கு அப்போதும் நம்பிக்கை இருந்தது என்பதையும் நான் நம்புகிறேன். ஆனால் அந்த ஒரு செய்தியைக் கேட்டால் அக்கா பின்வாங்கிவிடும் என்று அவர் நெஞ்சுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொல்லவில்லை.

அந்தியூர்க் குதிரை

ஒப்பந்தச் சட்டத்தில் மௌனத்தைப் பற்றி ஒரு விளக்கம் இருக்கிறது. சும்மா இருந்தது மட்டுமே ஃப்ராடு ஆகாது. ஆனால் பேச வேண்டிய கடமை ஒருவனுக்கு இருந்தால், அல்லது அவன் மௌனமே பேச்சுக்குச் சமமாக இருந்தால், ஆகும். இதற்குக் கொடுத்திருக்கும் உதாரணம் ஒரு குதிரை. குதிரைக்குக் கோளாறு என்று தெரிந்தே ஒருவன் ஏலத்தில் விற்கிறான், ஒன்றும் சொல்லாமல். அது ஃப்ராடு இல்லை. அடுத்த உதாரணம்: வாங்குகிறவள் அவன் மகள், இப்போதுதான் மேஜர் ஆனவள். இங்கே உறவின் காரணமாகவே, சொல்லியாக வேண்டிய கடமை அவனுக்கு வந்துவிடுகிறது. குதிரை அதேதான், கோளாறும் அதேதான், அவன் பேசாமல் நிற்பதும் அதேதான். எதிரில் நிற்பது யார் என்பது மட்டும் மாறுகிறது.

வெள்ளைக்காரன் எழுதிய சட்டம் இது. ஆனால் மாட்டுச்சந்தை பார்த்த எவருக்கும் இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழாவில் ஆடி மாதம் குதிரையும் மாடும் கைமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணபுரம் சந்தையில் காங்கயம் காளைகளுக்குத் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். வாங்க வந்தவன் பல்லைப் பார்ப்பான், சுழி பார்ப்பான், நடக்கவிட்டுப் பார்ப்பான். விற்கிறவன் வாயைத் திறக்க மாட்டான், அதை யாரும் குற்றமாகவும் எடுப்பதில்லை. எங்கள் அப்புச்சி மாட்டு வியாபாரத்தில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கியவர். சந்தையில் அவரிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியாது. அதே மாட்டைச் சொந்தக்காரர் யாராவது கேட்டால், கயிற்றைக் கையில் கொடுக்கும் முன்பே, “மச்சான், கறக்கறப்ப பின்னங்காலு வீசும், பாத்துக்குங்க. எடப்பக்கத்துக் காம்பு ஒண்ணு சன்னமாத்தான் வரும்” என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். சொல்லி வியாபாரம் முறிந்ததும் உண்டு. அந்தப் பழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்தான் மாமா.

பணம் கட்டியவர்களும் விசாரித்திருக்க வேண்டாமா என்று ஒரு வாதம் வரும். சட்டமும் அதைக் கேட்கிறது. 19ஆவது பிரிவில், சாதாரண முயற்சியில் உண்மையைக் கண்டுபிடிக்க வழி இருந்தவர், மௌனத்தால் ஏமாந்தேன் என்று சொல்லி ஒப்பந்தத்திலிருந்து விலக முடியாது என்று இருக்கிறது. நியாயம்தான். பெரியம்மாவுக்கு இருந்த வழி என்ன? பெருந்துறையில் இருந்த கம்பெனி ஆபீசுக்குப் போய்க் கணக்குக் கேட்பதா? அவருக்குத் தெரிந்த விசாரணை ஒன்றே ஒன்று, தம்பியைக் கேட்பது. அதை அவர் செய்தார்.

பெரியம்மா ஒப்பந்தம் போட்டது கம்பெனியோடு, மாமாவோடு அல்ல என்பது எனக்குத் தெரியும். நான் இங்கே கேஸ் நடத்தவில்லை. கேஸ் வேறு வழியில் போனது. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பதை நிரூபிப்பது லேசான வேலை இல்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 415ஆவது பிரிவிலேயே ஓர் உதாரணம் உண்டு. அவுரி தருகிறேன் என்று முன்பணம் வாங்கியவன், தரும் எண்ணத்தோடு வாங்கிப் பிறகு தராமல் போனால் அது மோசடி இல்லை, வெறும் ஒப்பந்த மீறல். 420 என்று நாம் திட்டுவதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்து எண் 318 என்று ஆனபிறகும் அளவுகோல் அதேதான். தமிழ்நாட்டின் 1997ஆம் வருஷத்து முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இந்த மனக்கணக்குக்குள் போகவே இல்லை. வாங்கிய டெபாசிட்டைத் திருப்பித் தரவில்லையா, அதுவே குற்றம், சொத்தை முடக்கு என்கிறது. ஆயிரக்கணக்கான பேர் வரிசையில் நிற்கும்போது அது சரியான சட்டம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு குடும்பத்துக்குள் யார் யாரோடு பேசுவது என்று முடிவாகிறபோது, மனதில் என்ன இருந்தது என்பதைத் தவிர வேறு எதுவும் கேள்வி இல்லை.

மாமா அடுத்த வருஷம் கீழ்க்காட்டில் கொஞ்சம் விற்றார். பெரியம்மாவின் ஒன்றரை லட்சத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மற்ற யாருக்கும் கொடுக்கவில்லை, எங்கள் அம்மாவுக்கும் இல்லை. அக்கா வாசலில் நின்று சத்தம் போட்டது, அதனால் கொடுத்தான் என்று சொந்தத்தில் பேச்சு. நான் அப்படிப் பார்க்கவில்லை. அம்மாவும் சித்தியும் போட்ட சத்தம் ஒன்றும் குறைவில்லை. மே மாதத்துக்கு முன்னால் கட்டியவர்களிடம் அவர் நம்பியதைச் சொன்னார். மே மாதத்துக்குப் பின்னால் கட்டியவர் பெரியம்மா ஒருவர்தான். எந்தச் சட்டப் புத்தகமும் படிக்காமல் அவரே அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதை அம்மாவிடம் சொன்னேன். கல்யாணம் முடிந்து பஸ்ஸில் வரும்போது, கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், பல வருஷமாக முடிச்சுப்போட்டுக் கிடந்ததை அவிழ்த்துவிட்டதுபோல. அம்மா ஏற்றுக்கொள்ளவில்லை. “எனக்கு மே மாசம் பணம் வரல. நான் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். உன்றது மட்டும்தான் நின்னிருக்கும், பேங்க்ல கேளுன்னான். அவனுக்கும் நின்னுபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா நாங்க நாலு பேரும் அன்னைக்கே ஆபீஸ்ல போயி உக்காந்திருப்போம். ஜூன்ல கேட்டவிய சில பேருக்குக் கொஞ்சம் குடுத்தாங்கன்னு அப்புறம் காதுல விழுந்துச்சு. அக்காவுக்கு மட்டும் என்ன கணக்கு?”

நான் பதில் தேடினேன். சட்டத்தின் அந்த விளக்கம் ஒருவரை ஒப்பந்தத்துக்குள் இழுப்பதற்கு முன்னால் இருந்த மௌனத்தைப் பற்றித்தான் பேசுகிறது. ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர்களிடம் பிறகு மறைத்ததை 17க்குள் கொண்டுவர என்னால் முடியவில்லை. அப்படியே அம்மாவிடம் சொன்னேன். “அப்ப உன்ற சட்டத்துல அது இல்ல” என்றார் அம்மா. “எனக்கு இருக்குது.” அம்மா இன்னும் மாமா வீட்டில் கை நனைப்பதில்லை. பெரியம்மா போகிறார்.